பெட்டியைப் போட்டவள் ஏன் ஓடினாள்?

எதையும் கடைசி வரை பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பி வைப்பது என் கைக்கு உள்ள வியாதி. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நல்ல தலைப்பாக ஒன்று கண்ணில் பட்டால் போதும், கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்துவிடும். பத்து நிமிட வீடியோ என்றால் இரண்டு நிமிடம் பார்ப்பேன். அதற்குள், ஐயோ, இது நம் சனத்துக்குத் தெரியாமல் போய்விடுமே என்று மனசு பதைக்கும். மீதி எட்டு நிமிடத்தைப் பார்க்கத்தான் குரூப்பில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்களே, நானும் எதற்குப் பார்க்க வேண்டும்?

போடியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது என்று ஆன்லைன் வேலைகளும் உண்டு. சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கிற நேரம்தான் ஒரு நாளில் பாதி. அந்த நேரத்தில் நான் உலகத்தைச் சுற்றி வந்துவிடுவேன். வாழைமட்டையில் நார் உரிக்கிற மிஷின், கொட்டாங்குச்சியில் செய்த கடிகாரம், ஒற்றைக் கண்ணை மட்டும் மூடித் தூங்குகிற வாத்து என்று கிடைப்பதையெல்லாம் ‘நம்ம சொந்தம்’ குரூப்பில் போட்டுவிடுவேன். அந்தக் குரூப்பை ஆரம்பித்தவளும் நான்தான், அட்மினும் நான்தான், அதில் பேசுகிற ஒரே ஆளும் அநேகமாக நான்தான்.

தினமும் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போடுகிற சித்தப்பாவுக்கு இருபது கும்பிடு வரும். எனக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வரும். அது என் வீட்டுக்காரர். (அவரும் பார்ப்பதில்லை. “போடாட்டி சாப்பாட்டுல உப்பு கூடுதே” என்று போடுகிறவர்.)

என் தம்பி முருகேசன் அந்தக் கட்டைவிரலைக்கூடப் போட்டதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்குத் திரும்பி, போடிமெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தான். அவனும் அவன் மனைவி கவிதாவும் தோட்டத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்த வருடம்தான் அவனுக்கு முதல் எடுப்பு. (காய் பறிக்கிற ஒவ்வொரு சுற்றையும் எங்கள் பக்கம் எடுப்பு என்போம்.) காய் கைக்கு வந்தால் மலையில் நிற்பான், வராவிட்டால் மறுபடி திருப்பூர். அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை, கவிதாதான் சொன்னாள். “இந்த எடுப்பு போச்சுன்னா மூட்டையக் கட்டிர வேண்டியதுதான் மதினி. அவுக ராத்திரி தூங்குறதே இல்ல.”

அவன் தூக்கத்தைக் கெடுத்தது யானை. ஆடி மாதத்தில் இரண்டு தடவை தோட்டத்துக்குள் இறங்கி, ஓரத்துச் செடிகளை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு ஏலக்காய் மேல் ஆசை எதுவும் கிடையாது. தண்ணீருக்குத்தான் வருகிறது. ஆனால் போகிற வழியில் எங்கே கால் வைக்கிறோம் என்று அது பார்ப்பதில்லை. (இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகும்.)

அந்தச் சமயத்தில்தான் என் கண்ணில் அந்த வீடியோ பட்டது. தேனீக்களின் இரைச்சலைக் கேட்டால் யானை மிரண்டு விலகிப் போய்விடுமாம். சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டாலே போதுமாம். வழக்கம் போல இரண்டு நிமிடம் பார்த்தேன், குரூப்பில் போட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், முருகேசன் பெயரில் ஒரு கட்டைவிரல்.

அதை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடைக்கு வந்திருந்த ஒரு பெரியவருக்குக்கூடக் காட்டினேன். ஆதாரில் பிறந்த தேதியை மாற்ற வந்தவர் அவர். “நல்லது தாயி, சந்தோசம். என் தேதிய எப்ப மாத்துவ?” என்றார். ஒரு கட்டைவிரல் போட்ட பாவத்துக்கு என் தம்பி பட்ட பாடுதான் மீதிக் கதை.

கடைக்கு எதிரே, குட்டியானை வண்டியில் தக்காளி விற்கிறவரிடம் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. (யானையை விரட்டக் குட்டியானையிடமே உதவி கேட்ட ஆள் நான்.) பேட்டரியில் ஓடும், பென்டிரைவ் போடலாம். “ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும்க்கா, பாத்து வைங்க” என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஓடுகிற தேனீ இரைச்சலைத் தேடிப் பிடித்து பென்டிரைவில் ஏற்றினேன். குரூப்பில் ‘நாளை நம் தோட்டத்தில் யானை விரட்டும் சோதனை, வீடியோ வரும், காத்திருங்கள்’ என்று அறிவித்தேன். யாரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள்தான் முதல் எடுப்பு. விடியற்காலையில் ராசிங்காபுரத்திலிருந்து காய் எடுக்கிற பெண்கள் வந்த ஜீப்பில், போடியில் நானும் தொற்றிக்கொண்டேன். பேச்சியம்மாளோடு சேர்த்துப் பதினான்கு பேர். பேச்சியக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சீசனில் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. முருகேசன் மூன்று தடவை அவர் வீட்டுக்கு நடந்து, நான்கு நாளுக்கு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, பெட்டி என் மடியில் குதித்துக்கொண்டே வந்தது.

“என்னத்தா அது, பிள்ளையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்க?” என்று பேச்சியக்கா கேட்டார்.

“யானை விரட்டுற மிஷினுக்கா.”

“அதுக்குள்ள என்ன இருக்கு?”

“இப்பச் சொன்னா சுவாரசியம் போயிரும். குரூப்புல போடுறேன், பாருங்க.”

“நான் எந்தக் குரூப்புலயும் இல்லையே தாயி” என்றார் அவர்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்து ‘தேனீ’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. பார்க்காத நாற்பத்து மூன்று பேருக்கு எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த எனக்கு, தோள் இடிக்க உட்கார்ந்து கேட்டவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண்களுக்கு முதல் எடுப்பு அன்று ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு கைக் காய் எடுத்து வந்து, தோட்டத்து முனையில் ஒரு முறத்தில் போட்டு, சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. பிறகு இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் மறைந்துவிட்டார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், காயோ தரையோடு ஒட்டிய சரத்தில் இருக்கும். குனிந்து உட்கார்ந்துவிட்டால் பக்கத்துச் செடியில் இருப்பவர்கூடத் தெரியமாட்டார். அவர்களுக்குக் காதுதான் கண்.

“பெட்டிய வச்சிட்டுப் போக்கா. சாயங்காலம் இவங்கெல்லாம் எறங்குன பெறகு நான் போட்டுக்குறேன்” என்றான் முருகேசன். “கீழ போற ஜீப்பு ஒண்ணு இருக்கு. வெரசாக் கெளம்பு.”

சரி என்று தலையாட்டினேன். அவன் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விறகு பார்க்கப் போனான். ஆனால் நான் குரூப்பில் வீடியோ வரும் என்று சொல்லியாயிற்றே. வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு நிமிடம்தானே, அவர்கள் அந்தச் சரிவில்தானே இருக்கிறார்கள் என்று நினைத்து, போனை ஒரு மரக்கவட்டில் சாய்த்து வைத்தேன். முந்தானையைச் சரி செய்துகொண்டேன். “அன்பான சொந்தங்களே” என்று ஆரம்பித்து, யானையின் காது எவ்வளவு கூர்மையானது என்று (எனக்குத் தெரியாததையெல்லாம்) விளக்கிவிட்டு, சத்தத்தை முழுசாகத் திருகிப் பெட்டியைப் போட்டேன்.

தக்காளிக்காரர் தெருக்கணக்கில் சொன்னார். மலைக்கணக்கு வேறு. இந்தச் சரிவில் பெட்டி போட்ட சத்தம் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி, நாலு பக்கமிருந்தும் வந்தது.

மலைத்தேனீ என்றால் காய் எடுக்கிறவர்களுக்கு யானையைவிடப் பயம். யானையாவது ஒன்று, தேனீ கூட்டமாக வரும். “தேனீ கெளம்பிருச்சுடி, ஓடுங்க” என்று செடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல். அடுத்த நொடி சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் நாலா பக்கமும் பாய்ந்து வந்தார்கள். பையிலிருந்த காய் வழியெல்லாம் கொட்டியது. யாரோ ஒருவரின் தூக்குவாளி உருண்டு, தயிர்ச்சோறு என் காலடி வரை வந்தது. பேச்சியக்கா என்னைப் பார்த்ததும், பாவம், நல்ல மனசோடு கத்தினார்: “நிக்காதத்தா ராணி, ஓடு.”

நான் ஓடினேன்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். பெட்டிக்கு இரண்டு அடி தூரத்தில், ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதை என் கையாலேயே போட்ட நான், தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, “ஆத்தா, காப்பாத்து” என்று அலறிக்கொண்டு ஓடினேன். பதினான்கு பேர் ஓடி வரும்போது, காரணம் என்ன என்று நின்று யோசிக்கிற கால்கள் எனக்குக் கிடையாது. அந்தக் கால்கள் நேராகப் போய் நின்ற இடம், பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த படுதாக் குளம். மலையில் குழி வெட்டி, படுதா விரித்து மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். நின்ற இடம் என்று சொன்னேனா? விழுந்த இடம்.

தண்ணீர் மார்பளவு. படுதாவில் பாசி. இரண்டு அடி ஏறினால் மூன்று அடி வழுக்கியது. மேலே இரைச்சல் நிற்கவில்லை, தேனீ இன்னும் சுற்றுகிறது என்று மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டேன். மூச்சு முட்டி வெளியே வந்தேன், இரைச்சல் கேட்டது, மறுபடி முங்கினேன். இப்படி நான்கு முங்கு. ஐந்தாவது தடவை வெளியே வந்தபோது சத்தம் நின்றிருந்தது. கரையில் பெட்டி பக்கத்தில் முருகேசன் நின்றுகொண்டிருந்தான். அவன் விரல் சுவிட்சில் இருந்தது.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருத்திக்குக் கால் பிசகியிருந்தது. பேச்சியக்கா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கயிறு கொண்டா” என்று கவிதாவிடம் சொல்லி, முதலில் என்னை மேலே இழுத்துப் போட்டார். அப்புறம் தரையெல்லாம் சேற்றில் மிதிபட்டுக் கிடந்த காயைப் பார்த்துவிட்டு, தம்பியிடம் திரும்பினார்.

“மொத எடுப்புக் காய் மண்ணுல சிந்திப்போச்சு அப்பு. இனி இந்த வருசம் இந்தத் தோட்டத்துல எங்க கை படாது. ஒன் மேல கோவமில்ல. எங்க வழக்கம் அது.”

அவர்கள் ஜீப்புக்கு இறங்கிப் போனார்கள். நாலு நாளில் எடுக்காவிட்டால் காய் பழுத்து வெடித்துவிடும், வேறு ஆளுக்கு எங்கேயும் வழியில்லை. முருகேசன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சூடம் காட்டிய முறத்தை எடுத்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, சேற்றில் கிடந்த காயை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீ போக்கா, ஈரத்தோட இருக்க” என்றான். அவன் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். சாயங்காலம் குரூப்பில் சித்தப்பா கேட்டார்: “என்ன ராணி, யானை ஓடுச்சா?” அவர் என்னிடம் கேள்வி கேட்டதே அதுதான் முதல் தடவை. மானம் போகாமல் ஏதாவது சொல்ல வேண்டுமே. போனைக் கவிதாதான் தேடி எடுத்து வந்து கொடுத்திருந்தாள். நான் பேசியது வரைதான் பதிவாகியிருக்கும், ஓட்டத்தில் அது எங்காவது விழுந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, ‘சோதனை வெற்றி’ என்று எழுதி அந்த வீடியோவை அனுப்பினேன். கடைசி வரை பார்க்காமல்தான். வேறு எப்படி?

போன் அடங்கவே இல்லை. பத்துப் பேர், இருபது பேர், பிறகு மொத்தக் குரூப்பும். முதல் ஐந்து நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் அதைத் திறந்து முழுசாகப் பார்த்தேன். மரக்கவட்டில் போன் அசையாமல் இருந்திருக்கிறது. ஓட்டம், அலறல், குளம், நான்கு முங்கு, ஒன்றுகூட விடுபடவில்லை.

அதே கையோடு யானை வீடியோவையும் எடுத்துக் கடைசி வரை பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் அந்த மனிதர் நிதானமாகச் சொல்கிறார்: ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் இதைப் போடவே கூடாது, பயந்து ஓடுவார்கள் என்று.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பேச்சியக்கா வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து என் குரல் கேட்டது: “அன்பான சொந்தங்களே.” (எங்கள் குடும்பத்தில் பகிர்கிற வியாதி இன்னொருவருக்கும் இருக்கிறது. யார் என்று இன்றுவரை தெரியவில்லை.) என்னைப் பார்த்ததும் போனை அணைத்தார்கள். கால் பிசகியவள் காலை நீட்டி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பேச்சியக்காவிடம், “எல்லாம் என் தப்புக்கா. தம்பிக்கு இந்த எடுப்பு இல்லைன்னா மலையில பொழப்பே இல்ல. என்னய என்ன வேணாலும் பேசுங்க, அவனக் கைவிட்றாதீக” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“அழுகாத, உக்காரு” என்றார் அவர். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நாங்க தேனீன்னு நெனச்சு ஓடுனோம், செரி. பெட்டியப் போட்டவ நீ எதுக்குத்தா ஓடுன?”

“நீங்க ஓடுன்னு சொன்னீகள்ல” என்றேன்.

பேச்சியக்கா சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். எல்லோரும் அடங்க நேரம் பிடித்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சிந்துன காய ஒன் தம்பி என்ன பண்ணுனான்?”

“ஒண்ணு விடாமப் பொறுக்கிக் கழுவி, நீங்க கும்பிட்ட மொறத்துலயே வச்சிருக்கான்க்கா.”

“மண்ணுல விட்டிருந்தாத்தான் தோசம். பொறுக்கி எடுத்துட்டானே” என்றார். “செரி, நாளைக்கு வர்றோம். ஆனா இவளுக்குக் காலு சரியில்ல. அவ எடத்துக்கு நீதான் வரணும்.”

மூன்று நாள் நான் ஏலக்காய் எடுத்தேன். முதுகு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் சாயங்காலம் பேச்சியக்கா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது பாயசத்துக்குக் காணும்” என்றார். மற்ற பெண்களின் பைகள் நிரம்பி நிரம்பி வந்தன. முருகேசனின் ஸ்டோரில் புகை எழுந்தது. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே அவன் டீ குடித்த விதத்தில், திருப்பூர் தள்ளிப் போய்விட்டது என்று புரிந்தது.

காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று கவனித்தேன். யானை எங்கே நிற்கிறது என்கிற சேதி இந்தப் பெண்களுக்கும் ஜீப் டிரைவர்களுக்கும்தான் முதலில் தெரிகிறது. அது வாய் வழியாக ஒவ்வொரு தோட்டமாகப் போய்ச் சேர்வதற்குள் யானை முந்திவிடுகிறது. அவர்களுக்காக ஒரு குரூப் ஆரம்பித்துக் கொடுக்கவா என்று கேட்டேன். பேச்சியக்கா யோசித்துவிட்டு, “கொடு. ஆனா நீ அதுல ஒண்ணும் போடக்கூடாது” என்றார். உலகத்திலேயே வாய் திறக்க அனுமதி இல்லாத அட்மின் நான்தான்.

அடுத்த வாரமே அதில் ஒரு டிரைவரின் குரல் வந்தது, யானை எங்கள் பக்கம் இறங்குகிறது என்று. தம்பியும் கவிதாவும் நேரத்தோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். குளத்துக்குப் போகிற வழியில் கிடந்த சாமான்களையும் முன்பே ஒதுக்கி வைத்திருந்தான். யானை அந்த வழியிலேயே வந்து, தண்ணீர் குடித்து, அந்த வழியிலேயே போயிருக்கிறது. செடி ஒன்றும் சேதமில்லை. அவன் ஒதுக்க மறந்தது ஒன்றே ஒன்று. காலையில் போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் பெட்டி நான் விழுந்த அதே மூலையில் மிதந்துகொண்டிருந்தது.

இது நான்காவது வருடம். முருகேசன் பக்கத்தில் இன்னும் இரண்டு ஏக்கர் பிடித்திருக்கிறான். பேச்சியக்கா ‘நம்ம சொந்தம்’ குரூப்பிலும் இருக்கிறார். எங்கள் வீட்டில் யார் தாங்களே ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அப்புறம் பதறினாலும், கேட்பதற்கு ஒரே கேள்விதான். கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் துள்ளினால்கூட, “பெட்டியப் போட்டவ எதுக்கு ஓடுறா?” என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

போன மாதம் இந்த வருடத்து முதல் எடுப்பு. சூடம் காட்டுகிற நேரத்தில், “மொதக் கைய ராணி போடட்டும்” என்றார் பேச்சியக்கா. “போன அங்கிட்டு வச்சிட்டு வா.” போனை ஒரு தகரத்தின் மேல் வைத்துவிட்டு வந்து, இரண்டு கையும் நிறையக் காய் அள்ளி, முறத்தின் மேல் நீட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ‘ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல்.

யாரும் அசையவில்லை. நான் மட்டும் ஓரடி துள்ளிவிட்டேன். காய் ஒன்றுகூடக் கீழே விழவில்லை, பிடித்துக்கொண்டேன். போன்தான் தகரத்தின் மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. பதினான்கு பேரும் ஒரே குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

காயை முறத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டு, போய்ப் போனை எடுத்தேன். ஸ்டோர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த என் தம்பி, வருடா வருடம் செய்வது போல, அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டிருந்தான். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். கடைசி வரை பார்த்த பிறகுதான்.